குளிர்நாட்டுத் தோட்டத்தில் சால்வியா: குளிர்காலம் தாண்டி உயிரோடு வைப்பது எப்படி?

#1 நீலப்பூ

வணக்கம். நிலத்திலும் தொட்டியிலுமாக இந்தச் சால்வியாக்கள் (துளசிக் குடும்பத்துப் பூச்செடிகள்) இருக்கின்றன: பேட்டன்ஸ், குவாரனிட்டிகா 'பிளாக் அண்ட் ப்ளூ', 'அமிஸ்டாட்', லூகாந்தா, எலிகன்ஸ் (அன்னாசி வாசம் வருவது), மைக்ரோஃபில்லா 'ஹாட் லிப்ஸ்'. குளிர்காலத்தில் -12 டிகிரி வரை இறங்கும் இடம். மண் களி கலந்தது, குளிர்காலம் முழுக்க ஈரமாகவே கிடக்கும். உள்ளே வைக்க இரண்டு இடம்தான்: 4 முதல் 6 டிகிரியில் நிற்கும் இருட்டு கராஜ், தெற்குப் பார்த்த ஒரு ஜன்னல்.

எதைத் தோண்டி எடுப்பது, எதைத் தரையிலேயே விடுவது, எதிலிருந்து போத்து (வேர் விட வைத்து நட வெட்டும் தண்டுத் துண்டு) எடுப்பது? எல்லாவற்றுக்கும் ஒரே முறை போதுமா?

#2 வேர்முடி

ஒரே முறை போதாது. செடியின் பெயரை விட, மண்ணுக்குக் கீழே அது என்ன வைத்திருக்கிறது என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

கிழங்கு வேர் உள்ளவை: பேட்டன்ஸ், குவாரனிட்டிகா. மேல்பகுதி கருகினாலும் கிழங்கில் சேமிப்பு இருப்பதால் இருட்டில் இலையில்லாமல் தூங்கும். கராஜ் இவற்றுக்குத்தான். 'அமிஸ்டாட்' இரண்டுங்கெட்டான். அடிவேர் கொஞ்சம் தடிக்கும், ஆனால் குவாரனிட்டிகா அளவுக்குச் சேமிப்பு இல்லை. அதை மட்டும் நம்பாமல் கட்டாயம் போத்தும் எடுத்து வையுங்கள்.

நார்வேர் மட்டும் உள்ள மென்தண்டுச் செடிகள்: லூகாந்தா, எலிகன்ஸ். உங்கள் குளிருக்கு இவை வெளியே தாங்காது. போத்தாக ஜன்னலுக்கு வர வேண்டும், இல்லையென்றால் பாதி வெட்டிய தாய்ச்செடி உறைபனி படாத, வெளிச்சம் உள்ள இடத்துக்குப் போக வேண்டும்.

கட்டைத் தண்டுள்ள சிறு புதர்கள்: மைக்ரோஃபில்லா, கிரெகியை, இவை இரண்டின் கலப்பான ஜாமென்சிஸ். வடிகால் நன்றாக இருந்தால் -8, -10 வரை தரையிலேயே தாங்கும். உங்கள் களிமண்ணில் அதே செடி -4லேயே போய்விடும்.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். குளிர்கால ஈரம் கொல்லும் அளவுக்குக் குளிர் கொல்வதில்லை. கிரெகியையின் சொந்த இடம் டெக்சாஸும் வடகிழக்கு மெக்சிகோவும், அதிலும் பாறைச் சரிவுகள். அங்கே வேர் குளிரில் உறைந்தாலும் தண்ணீரில் ஊறிக் கிடக்காது. செடி எவ்வளவு குளிர் தாங்கும் என்று காட்ட அட்டையில் போடும் அமெரிக்க வேளாண் துறையின் மண்டல எண் ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரியை மட்டும்தான் சொல்கிறது. மண் எவ்வளவு நாள் ஈரமாக இருக்கும், கோடையில் தண்டு முற்றும் அளவுக்கு வெயில் இருந்ததா என்பதெல்லாம் அதில் வராது. அட்டையில் "மண்டலம் 7" என்று போட்டிருப்பதை நம்பிச் சேற்றில் விடாதீர்கள்.

#3 பனிமண்

கிழங்கு எடுப்பது பற்றி விரிவாகச் சொல்கிறேன், அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

முதல் லேசான உறைபனியில் இலைகள் கருகட்டும். பிறகு தண்டை 10 முதல் 15 செ.மீ. விட்டு வெட்டுங்கள். செடியைச் சுற்றி 20 செ.மீ. தள்ளி, மண் கிளறும் தோட்ட முட்கரண்டியை இறக்கி அடியிலிருந்து நெம்பித் தூக்குங்கள். தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. பேட்டன்ஸின் கிழங்குகள் விரல் தடிமன்தான், தண்டோடு சேரும் இடத்தில் கழுத்து மெலிந்திருக்கும், இழுத்தால் அங்கே ஒடியும். ஒடிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. முளைக்கண்கள் கிழங்கில் கிடையாது, தண்டின் அடிக்கட்டையில்தான் இருக்கின்றன. அடிக்கட்டையில் ஒரு துண்டாவது ஒட்டியிருக்காத கிழங்கைச் சேமித்துப் பயனில்லை.

மண்ணைக் கழுவ வேண்டாம், உதிர்வது உதிரட்டும். குவாரனிட்டிகாவின் தண்டு உள்ளே பொள்ளல், அதில் தண்ணீர் நிற்கும். இரண்டு மூன்று நாள் தலைகீழாகக் கவிழ்த்து வடியவிட்டு, பிறகு பெட்டியில் அடுக்குங்கள்.

சேமிக்கும் ஊடகம்: தென்னை நார்க்கழிவு அல்லது வெர்மிகுலைட் (ஈரம் பிடித்து வைக்கும் லேசான கனிமத் துகள்). கையில் அள்ளி இறுக்கிப் பிழிந்தால் ஒரு சொட்டும் வரக்கூடாது, கையைத் திறந்தால் உருண்டை மெதுவாக உதிர வேண்டும். அந்த ஈரம் போதும். டாலியாக் கிழங்கைச் சிலர் வெறும் செய்தித்தாளில் சுற்றி வைப்பார்கள். பேட்டன்ஸை அப்படி வைத்தால் ஜனவரிக்குள் சுருங்கிவிடும், தோல் அவ்வளவு மெல்லியது. மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். சுருக்கம் விழுந்தால் லேசாகத் தெளியுங்கள். மெத்தென்று அமுங்கும் பகுதியை நல்ல சதை வரை வெட்டி, வெட்டுவாயைக் காயவிட்டுத் திரும்ப வையுங்கள்.

வெப்பநிலை 4 முதல் 8 டிகிரி. உங்கள் கராஜ் சரியாகப் பொருந்துகிறது.

தொட்டியில் இருப்பதைத் தோண்டவே வேண்டாம். நீரை நிறுத்தி, தண்டை 5 செ.மீ. விட்டு வெட்டி, தொட்டியோடு கராஜில் வைத்துவிடுங்கள். நான்கைந்து வாரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு குவளை தண்ணீர்.

#4 கணு

பனிமண் சொன்னதில் ஒரு திருத்தம். "உறைபனி கருக்கட்டும்" என்பது கிழங்கு உள்ளவற்றுக்கு மட்டும். லூகாந்தாவையும் எலிகன்ஸையும் அப்படிக் காத்திருந்து எடுத்தால், அடித்தண்டில் உள்ள மொட்டுகளும் சேர்ந்து போய்விடும். இவற்றை இரவு வெப்பநிலை 3, 4 டிகிரிக்கு இறங்கும்போதே உள்ளே எடுத்துவிட வேண்டும்.

#5 பனிமண்

சரிதான். நான் சொன்னது பேட்டன்ஸ், குவாரனிட்டிகா இரண்டுக்கும்தான். அவற்றில்கூட -1, -2 லேசான பனி வரைதான் காத்திருக்கலாம். மண்ணின் மேல்தளமே கட்டியாக உறையும் இரவு வருவதற்கு முன் கிழங்கு வெளியே வந்துவிட வேண்டும். முளைக்கண் இருக்கும் அடிக்கட்டை அந்த மேல்தளத்தில்தான் இருக்கிறது.

#6 நீலப்பூ

நன்றி. போத்து எப்போது, எப்படி? பூத்துக்கொண்டிருக்கும் தண்டில் எடுக்கலாமா? போன பருவத்தில் பிளாஸ்டிக் பை மூடி வைத்த போத்துகள் அடியில் கறுத்து அழுகின.

#7 கணு

ஆகஸ்ட் பிற்பாதியிலிருந்து செப்டம்பர் நடு வரை. அதற்குப் பிறகும் வேர் விடும், ஆனால் வெளிச்சம் குறைவதற்கு முன் வேர் தொட்டியை நிரப்ப நேரம் இருக்காது. அரைகுறை வேரோடு டிசம்பருக்குள் நுழையும் போத்துதான் முதலில் சாகும்.

பூத்த தண்டு வேண்டாம். அந்தத் தண்டின் நுனி பூவாக முடிந்துவிட்டது, இலைக் கக்கத்தில் (இலை தண்டோடு சேரும் இடத்தில்) புதிதாகத் துளிர்க்கச் சுணங்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில் இரண்டு மூன்று கிளைகளைப் பாதியாக வெட்டிவிட்டால், மூன்று வாரத்தில் பூவில்லாத பக்கத்துளிர் வரும். அதுதான் நல்ல போத்து.

முந்தின நாள் மாலை செடிக்கு நன்றாகத் தண்ணீர் விடுங்கள், காலையில் வெட்டுங்கள். நீளம் 7 முதல் 10 செ.மீ. தண்டின் தடிமன் 3, 4 மி.மீ. இருக்கட்டும். குவாரனிட்டிகாவிலும் 'அமிஸ்டாட்'டிலும் கொழுத்த தண்டை எடுக்கத்தான் கை போகும், அது உள்ளே பொள்ளலாக இருந்தால் தண்ணீர் ஏறி அழுகும். வெட்டுவாயைப் பாருங்கள்: நாலு மூலைச் சதுரத்துக்குள் வெள்ளைச் சதை நிறைந்திருந்தால் நல்லது, நடுவில் ஓட்டை தெரிந்தால் இன்னும் ஒரு கணு மேலே போய் வெட்டுங்கள்.

கணுவுக்கு 3 மி.மீ. கீழே, கூரான கத்தியால் வெட்ட வேண்டும். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும், நசுங்கிய இடத்தில்தான் அழுகல் தொடங்கும். கீழ் இலைகளை எடுத்துவிட்டு மேலே இரண்டு ஜோடி விடுங்கள். இலை பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடலாம். வேர் ஊக்கிப் பொடியை லேசாகத் தொட்டுத் தட்டிவிடுங்கள். அப்பிக்கொண்டால் அடி கருகும். சால்வியா அது இல்லாமலும் வேர் விடும்.

கலவை: நார்க்கழிவும் பெர்லைட்டும் (வடிகாலுக்குச் சேர்க்கும் லேசான வெள்ளைத் துகள்) சம அளவு. உரம் கலந்த தொட்டி மண் கூடாது. 9 செ.மீ. தொட்டியின் விளிம்பை ஒட்டி நான்கு போத்துகள். நடுவை விட விளிம்பில் காற்றும் வடிகாலும் அதிகம். அடிச்சூடு 18 முதல் 21 டிகிரி இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் வேர்.

உங்கள் போத்துகள் அழுகியதற்குக் காரணம் மூடியதல்ல, திறக்காமல் விட்டது. தினமும் காலையில் 10 நிமிடம் பையைத் திறந்து, உள்பக்கம் வழியும் நீரைத் துடைக்க வேண்டும். லூகாந்தாவுக்கு மூடியே போடாதீர்கள். தண்டும் இலையின் அடிப்பக்கமும் வெள்ளைப் பஞ்சு ரோமம். அதில் நீர் ஒட்டினால் காயாது, பூஞ்சை பிடிக்கும். நேர் வெயில் படாத இடத்தில் திறந்தே வைத்து, கலவையை மட்டும் ஈரமாக வைத்தால் போதும்.

எலிகன்ஸுக்கு இவ்வளவு பாடே இல்லை. ஒரு கோப்பைத் தண்ணீரில் வைத்தாலே ஒன்றிரண்டு வாரத்தில் வேர் வரும். வேர் 2 செ.மீ. ஆனதும் கலவைக்கு மாற்றுங்கள், நீளவிட்டால் நடும்போது ஒடியும்.

#8 வேர்முடி

இதோடு ஒன்று. வேர் பிடித்ததும் தனித்தனித் தொட்டி, மூன்றாம் ஜோடி இலைக்கு மேலே நுனி கிள்ளல். கிள்ளாத போத்து ஒற்றைக் குச்சியாக ஜன்னல் கண்ணாடியை முட்டும்.

தொட்டியையும் பெரிதாக எடுக்காதீர்கள், 7 முதல் 9 செ.மீ. போதும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் குளிர்காலம் முழுக்க ஈரமாகவே நிற்கும்.

#9 நீலப்பூ

ஜன்னல் அறை 20 டிகிரியில் இருக்கிறது. போத்து நீண்டு வெளிறிப் போகிறது. கராஜில் இருக்கும் தொட்டிகள் ஜனவரியிலேயே வெள்ளையாக முளைக்கவும் செய்கின்றன. இரண்டும் ஒரே பிரச்சினையா?

#10 வேர்முடி

ஒரே பிரச்சினைதான். வெப்பமும் வெளிச்சமும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும். 50 பாகை அட்சரேகையில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்தான், அதுவும் மங்கல். அந்த வெளிச்சத்தில் 20 டிகிரி கொடுத்தால், செடி சம்பாதிப்பதை விட அதிகம் செலவழித்து வளர்கிறது. கணுவிடை நீளும், தண்டு மெலியும், இலை வெளிறும்.

இரண்டு வழி. ஒன்று, வெப்பத்தை 5 முதல் 10 டிகிரிக்கு இறக்குங்கள். வளர்ச்சி கிட்டத்தட்ட நிற்கும், இருக்கும் வெளிச்சம் போதும். ஹீட்டரை மூடிய அறையின் ஜன்னல் ஓரம் இதற்கு ஏற்றது, இரவில் இலை கண்ணாடியைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வெளிச்சத்தை ஏற்றுங்கள். எல்.இ.டி. வளர்ப்பு விளக்கு, நுனியிலிருந்து 20, 30 செ.மீ. உயரம், தினமும் 14 மணி நேரம், 16 முதல் 18 டிகிரி. இரண்டுக்கும் இடையில் நிற்பதுதான் கெடுதல்.

கராஜ் முளைக்குக் காரணம் கூடுதல் ஈரம், அல்லது வெப்பம் 8ஐத் தாண்டியது. வெள்ளை முளையை அடியோடு கிள்ளி, நீரைக் குறைத்து, குளிர்ந்த மூலைக்கு நகர்த்துங்கள். பிப்ரவரிக் கடைசியில் வரும் முளை என்றால் கிள்ள வேண்டாம், வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

குளிரில் நீர் விடுவதற்கு நாள் கணக்கு வைக்காதீர்கள். தொட்டியைத் தூக்கிப் பார்த்து, கனம் விட்டுப் போனால் மட்டும், காலையில், தட்டில் ஊற்றிக் கீழிருந்து ஏற விடுங்கள். அரை மணியில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். துளிர் ஓடத் தொடங்கும் வரை உரம் வேண்டவே வேண்டாம்.

#11 பூச்சிக்கண்

உள்ளே கொண்டுவரும் நாளிலேயே பூச்சியைப் பாருங்கள். வெள்ளை ஈ இலையின் அடியில் முட்டையோடு உள்ளே வரும். பறவையில்லை, பொறிவண்டில்லை, குளிரில்லை; ஒரு மாதத்தில் அறை முழுக்கப் பரவும்.

ஒரு லிட்டர் நீருக்கு 10 மி.லி. பொட்டாஷ் சோப்புக் கரைசல், இலையடி முழுக்க நனையும்படி. சோப்பு முட்டையைக் கொல்லாது, அதனால் 5 முதல் 7 நாள் இடைவெளியில் மூன்று முறையாவது அடிக்க வேண்டும். வேர் விடாத போத்தாக இருந்தால், நடும் முன் அதே கரைசலில் முக்கி அலசிவிட்டு நடலாம், அது இன்னும் சுத்தம்.

இலை மேலே மணல் தூவினாற்போல் வெளிர்ப் புள்ளிகள் தெரிந்து, அடியில் மெல்லிய நூலாம்படை இருந்தால் செஞ்சிலந்தி. வெப்பமும் வறண்ட காற்றும் சேர்ந்த அறையில் வரும். மேலே சொன்ன 5 முதல் 10 டிகிரி முறையில் இது தலைகாட்டுவதே அரிது.

குளிர்ந்த அறையில் வருவது சாம்பல் பூஞ்சணம். உதிர்ந்த பூவும் மஞ்சள் இலையும் தண்டின் கக்கத்தில் ஒட்டி அழுகும் இடத்தில் தொடங்கும். வாரம் ஒருமுறை பொறுக்கி எடுங்கள், தொட்டிகளை ஒன்றையொன்று தொடாமல் வையுங்கள். மருந்தை விடக் காற்றோட்டம் நன்றாக வேலை செய்யும்.

#12 நீலப்பூ

லூகாந்தாவில் இன்னொரு சந்தேகம். மொட்டு வரும் நேரத்தில் உறைபனியும் வந்துவிடுகிறது. பூவையே பார்க்க முடிவதில்லை. உரம் கூட்டினால் சீக்கிரம் பூக்குமா?

#13 கணு

உரம் கூட்டினால் இன்னும் தாமதமாகும். லூகாந்தாவும் எலிகன்ஸும் குறும்பகல் செடிகள். பகல் 12 மணி நேரத்துக்குப் பக்கமாகக் குறையும்போதுதான் மொட்டு கட்டத் தொடங்கும். அது செப்டம்பர் 22, 23 வாக்கில். மொட்டு கட்டிப் பூவாக இன்னும் ஆறு வாரம்போல் ஆகும். அதற்குள் உங்களுக்குப் பனி வந்துவிடும்.

எளிய வழி: இவற்றைத் தொட்டியிலேயே வளர்த்து, மொட்டோடு உள்ளே கொண்டு வந்து, வெளிச்சமான குளிர்ந்த இடத்தில் பூக்க விடுவது. ஜூன் கடைசிக்குப் பிறகு நுனி கிள்ளாதீர்கள், தழைச்சத்தை நிறுத்தி, சாம்பல் சத்து மட்டும் கொடுங்கள்.

கொஞ்சம் மெனக்கெடுபவர்களுக்கு இருட்டு மூடல். ஜூலை நடுவிலிருந்து, மாலை 6 மணி முதல் காலை 8 மணி வரை ஒளி புகாத துணியாலோ பெட்டியாலோ மூடுங்கள். தினமும், மொட்டு கண்ணுக்குத் தெரியும் வரை. நடுவில் விடுபடும் நாட்கள் பலனைத் தள்ளிப்போடும். மாலை வெயில் மூடியில் பட்டு உள்ளே சூடேறினால் மொட்டு கட்டுவது தடைப்படும், ஆகவே வெளிப்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும். நன்றாக இருட்டியதும் மூடியை எடுத்து, விடியுமுன் திரும்பப் போட்டாலும் சரி.

தெருவிளக்கு, வாசல் விளக்கு அருகில் நிற்கும் லூகாந்தா பூக்கவில்லை என்றால் காரணம் அதுவாகவே இருக்கலாம். நீண்ட இரவு நடுவில் உடைபடுகிறது. 14 மணி நேர விளக்கின் கீழ் வைத்த போத்துகள் குளிர்காலத்தில் பூக்காமல் இலையாகவே இருப்பதற்கும் இதுதான் காரணம். போத்துக்கு அது நல்லதே.

'அமிஸ்டாட்', குவாரனிட்டிகா, பேட்டன்ஸ் மூன்றும் இப்படிப் பகல் நேரத்துக்குக் கட்டுப்பட்டவையல்ல. குறுகிய கோடை உள்ள இடத்தில் 'அமிஸ்டாட்' இவ்வளவு பேர் வாங்கியதற்குக் காரணம், ஜூனில் தொடங்கிப் பனி வரை விடாமல் பூப்பதுதான். அர்ஜென்டினாவில் கண்டெடுக்கப்பட்ட கலப்பு அது.

#14 பனிமண்

'ஹாட் லிப்ஸ்' பற்றி யாரும் பேசவில்லையே. அதைத் தரையில் விடுவதானால் இலையுதிர் காலத்தில் கவாத்து செய்யவே கூடாது. வெட்டினால் வரும் இளந்துளிர் முதல் பனியில் கருகி, அந்தக் கருகல் தண்டு வழியே இறங்கும். பழைய தண்டுகள் அப்படியே நின்று அடியைக் காக்கட்டும்.

களிமண்ணை மாற்ற, குழிக்குள் மட்டும் மணலைக் கொட்டாதீர்கள். சுற்றிலும் களி இருந்தால் அந்தக் குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். பாத்தியையே 20, 25 செ.மீ. மேடாக்கி, 5 முதல் 10 மி.மீ. சரளையை மூன்றில் ஒரு பங்கு கலந்து, அதன்மேல் நடுங்கள். நடுவது வசந்தத்தின் கடைசியில். இலையுதிர் காலத்தில் நட்ட செடிக்கு வேர் இறங்க நேரமில்லை. தண்டை ஒட்டிச் சரளை, அதைச் சுற்றி 10 செ.மீ. மரப்பட்டை மூடாக்கு. மூடாக்கு தண்டைத் தொட்டால் பட்டை அழுகும்.

குவாரனிட்டிகாவையும் ஒரு செடி சோதனையாகத் தரையில் விடலாம், அந்த மேட்டுப் பாத்தியில், 15 செ.மீ. காய்ந்த சருகு மூடாக்கோடு. அதன் தண்டை வெட்டாமல் விடுங்கள். வெட்டிய பொள்ளல் தண்டு குழாய்போல மழையை அடிக்கட்டைக்குள் இறக்கும், அது உள்ளே உறைந்து பிளக்கும்.

#15 நீலப்பூ

சேமிக்க எடுக்கும்போது வெட்டச் சொன்னீர்கள், இங்கே வெட்டாதே என்கிறீர்களே?

#16 பனிமண்

உள்ளே மழையும் உறைதலும் இல்லை, அதனால் வெட்டலாம். வெளியே நிற்பதற்குத்தான் இந்த எச்சரிக்கை.

#17 வேர்முடி

வசந்தத்தில் இரண்டு இடங்களில் அவசரம் செடியைக் கொல்கிறது.

தரையில் விட்ட குவாரனிட்டிகா மே கடைசியில், சில ஆண்டு ஜூனில்தான் தலைகாட்டும். ஏப்ரலில் ஒன்றும் தெரியவில்லை என்று கொத்திப் பார்த்தால், மேலே வந்துகொண்டிருக்கும் முளை உடையும். குச்சி நட்டு அடையாளம் வைத்துவிட்டுப் பொறுத்திருங்கள். 'ஹாட் லிப்ஸ்' உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, தண்டின் பட்டையை நகத்தால் சுரண்டுங்கள். அடியில் பச்சை தெரிந்தால் அதற்கு மேலே உள்ள காய்ந்ததை மட்டும், புதுத்துளிர் அரை அங்குலம் ஆன பிறகு வெட்டுங்கள். வழக்கமான கவாத்தும் அப்போதுதான், மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு.

கிழங்குகளைக் கடைசி உறைபனிக்கு 8 வாரம் முன்பு தொட்டியில் எழுப்புங்கள். அடிக்கட்டை மண் மட்டத்தில், 15 முதல் 18 டிகிரி, நல்ல வெளிச்சம், முளை தெரியும் வரை நீர் மிகக் குறைவாக. பல முளை வந்தால், 5 முதல் 7 செ.மீ. ஆனவற்றை அடிக்கட்டையின் சிறு துண்டோடு சீவி எடுத்து நடலாம். இலையுதிர் காலப் போத்தை விட இவை வேகமாக வேர் பிடிக்கும், அதே கோடையில் பூக்கும். தாய்க்கு மூன்று முளை விட்டு வையுங்கள்.

வெளியே பழக்குவது 7 முதல் 10 நாள். முதலில் நிழலில் இரண்டு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டி, கடைசி மூன்று நாள் இரவும் வெளியே. இரவு 7 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளே எடுங்கள். இலை ஊதா படர்ந்தால் மண் குளிர், உரத்தால் சரியாகாது. இலை வெளுத்துத் தாள்போல் ஆனால் வெயில் திடீரென்று பட்டிருக்கிறது. அந்த இலை தேறாது, துளிர் தேறும்.

பேட்டன்ஸின் இளமுளை என்றால் நத்தைக்கு உயிர். ஒரே இரவில் மண் மட்டம் வரை தின்றுவிடும், குளிரில் செத்தது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவோம். முளை 15 செ.மீ. தாண்டும் வரை தொட்டியிலேயே, மேசை மேல் வைத்துக் காப்பாற்றி, அப்புறம் தரைக்கு மாற்றுங்கள்.

#18 நீலப்பூ

ஜன்னலில் ஆறு சிறு தொட்டிக்குத்தான் இடம். எதற்கு முன்னுரிமை?

#19 கணு

'அமிஸ்டாட்' இரண்டு, லூகாந்தா இரண்டு, எலிகன்ஸ் ஒன்று, 'ஹாட் லிப்ஸ்' ஒன்று. முதல் இரண்டும் இரட்டையாக இருக்கட்டும், பிப்ரவரியில் ஒன்று போனாலும் கையில் ஒன்று இருக்கும். பேட்டன்ஸும் குவாரனிட்டிகாவும் கராஜுக்கு, ஜன்னலில் அவற்றுக்கு இடம் வீணாக்க வேண்டாம். இடம் நெருக்கமாக இருப்பதால் ஒவ்வொரு தொட்டியிலும் பெயர்ச்சீட்டு குத்திவிடுங்கள். பூவில்லாத நேரத்தில் 'அமிஸ்டாட்' போத்தையும் குவாரனிட்டிகா போத்தையும் பார்த்தவுடன் பிரிப்பது எளிதல்ல.